மால்ட் அம்மாவும் ரேந்தைப் பணமும்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு பெரிய பெண்மணியின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னாங்க. நான் பத்தாம் வகுப்புதான் படிச்சேன். இருந்தாலும் மார்த்தா மால்ட் அம்மாவைப் பற்றி எழுதாம இருக்க முடியல.

இங்கிலாந்துக்காரரான இந்த அம்மா, கணவர் சார்லஸ் மால்ட் ஐயரோடு 1819 டிசம்பரில் லண்டன் மிஷன் ஊழியத்துக்காக நாகர்கோவில் வந்தார். அப்போ நம்ம ஊரெல்லாம் திருவிதாங்கூர் ராஜாவின் ஆட்சியில் இருந்தது. மனுஷரையே விலைக்கு வாங்கி வித்த காலம். தாழ்ந்தவங்கன்னு ஒதுக்கின ஜாதிப் பெண்கள் மாரை மறைச்சாலே குற்றம். பொம்பிளப் பிள்ளைக்குப் படிப்பு எதுக்குன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க.

அப்படிப்பட்ட ஊரில் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியை மால்ட் அம்மா நடத்தினார். 1821 வாக்கில் அந்தப் பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக் கொடுத்தார். ரேந்தைன்னா இப்போ நாம லேஸ்னு சொல்றதுதான். ஒரு தலையணையின் மேல் புள்ளி குத்தின தாளை வைத்து, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி ஏற்றி, குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ணணும். ஒரு சாண் நீளம் வருவதற்குள் கழுத்து ஒடிஞ்சு போகும். ரேந்தையை வெள்ளைக்காரக் குடும்பங்கள் விலை கொடுத்து வாங்கினாங்க.

பின்னின பிள்ளைகளுக்குக் கூலி கிடைத்தது. அவர்களில் சிலர் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகள். அவங்க அந்தக் கூலியைச் சேர்த்து வைத்து, உடையவனிடம் பணத்தைக் கொடுத்து, தங்களையே விலைக்கு வாங்கி விடுதலை ஆனாங்க! திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்தது 1855-ல்தான். அதுக்கு முன்னாடியே இந்தப் பிள்ளைகள் முடிவு பண்ணிட்டாங்க. வயிற்றுப் பசிக்கோ, ஒரு நல்ல துணிக்கோ அந்தக் காசு பறந்து போயிருக்கலாம். போக விடல.

இதை எழுதும்போது என் காரியம் ஞாபகம் வருது. குழுவில் நான் எடுத்த முதல் கடனில் கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. ரூபாய் எதுக்குன்னு வீட்டில் தீர்மானிச்சாங்க, தவணை கட்ட அண்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனது நான். இரண்டாவது கடனுக்குத் தையல் மெஷின்தான்னு ஒரே பிடியாய் நின்னேன். ரெண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை கிடையாது. மூணாம் நாள் அவரே கடைக்குக் கூட வந்தார்.

மால்ட் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தார். நம்ம நெய்யூரிலும் 1828-க்குப் பிறகு மீட் ஐயரின் மனைவி ஜொஹன்னா அம்மா பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மால்ட் அம்மா சீமைக்குத் திரும்பின பிறகும் ரேந்தை வேலை நிற்கல. கல்யாணமாகிப் போன பெண்கள் தலையணையையும் குச்சிகளையும் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், சமையல் முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து பின்னினாங்க.