உப்புக்குக் கணக்கு உண்டு, பாட்டுக்கு இல்லை!

தருவைகுளம் உப்பளங்களில் உப்பு அம்பாரமாகக் குவிந்து கிடக்கும். எத்தனை மூட்டை என்று கேட்டால், கணக்குப்பிள்ளை உடனே சொல்லிவிடுவார்.

இதே தூத்துக்குடிச் சீமையில் உப்புக்குக் கணக்கு எழுதிய ஒருவர், பின்னாளில் தமிழ் நாடக உலகுக்கே வாத்தியார் ஆனார். அவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள்.

1867-ம் ஆண்டு காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையிடம் தமிழ் கற்றார். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் பாடம் கேட்டார். 24-வது வயதில் கணக்கு நோட்டை மூடிவிட்டு, நாடகக் கொட்டகைக்குப் புறப்பட்டார்.

முதலில் எமன், இரணியன், இராவணன் வேடங்கள். பிறகு நாடகம் எழுதுவதும், நடிகர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதுமே தொழில் ஆயிற்று.

ஒரே இரவில் நாடகம்

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி... எல்லாம் அவர் எழுதியவை. அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தாராம்!

1918-ல் மதுரையில் பையன்களைச் சேர்த்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்தவர்கள். எஸ். ஜி. கிட்டப்பாவும் சுவாமிகளிடம் பயின்றவரே.

பாட்டு யாருடையது?

சுவாமிகள் வாய்ப்பாடமாகச் சொன்னதை நடிகர்கள் மனப்பாடம் செய்தார்கள். கம்பெனி மாறினால் பாட்டும் கூடவே போயிற்று. "ஸ்பெஷல்" நாடகத்திலோ, வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒரே இரவுக்கு ஒன்றுகூடுவார்கள். கதை சுவாமிகளுடையது, நடுவில் அவரவர் தமக்குத் தெரிந்த பாட்டையும் சேர்த்துக்கொள்வார்கள்.

இப்படி அவருடைய பாட்டு பிறர் பெயரில் போயிற்று. பிறர் பாட்டு அவர் பெயரில் ஏறியது.

இசைத்தட்டு வந்ததும் பாடியவர் பெயர்தான் பெரிதாயிற்று. பல தட்டுகளில் ஆர்மோனியம் வாசித்தவர் பெயரும் இல்லை, மிருதங்கம் வாசித்தவர் பெயரும் இல்லை. "காயாத கானகத்தே" என்றதும் கிட்டப்பாவை நினைக்கிறோம். 1945-ல் வந்த "ஸ்ரீவள்ளி" படத்தில் பாடிய டி. ஆர். மகாலிங்கத்தை நினைக்கிறோம். எழுதிய சுவாமிகளை எத்தனை பேர் நினைக்கிறோம்?

அவர் எழுதிய நாடகங்கள் 40 என்பாரும் உண்டு. 60-க்கு மேல் என்பாரும் உண்டு.

கேட்க ஆளில்லை

சுவாமிகள் திருமணம் செய்துகொள்ளவில்லை. பாட்டுக்கு உரிமை கேட்கப் பிள்ளைகள் இல்லை. கடைசி நாட்களில் பக்கவாதம் வந்து, பேச்சும் போயிற்று. எந்தப் பாட்டு தம்முடையது என்று சொல்லக்கூட வாய் இல்லை! 1922 நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் காலமானார்.

தென்மாவட்டக் கோயில் கொடைகளில் இன்றும் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறது. அடுத்த முறை பார்க்கப் போனால், பாடுகிறவர் பெயரோடு எழுதியவர் பெயரையும் கேளுங்கள். ஒரு மூட்டை உப்பைக்கூடக் கணக்கில் விடாத மனிதருக்கு நாம் வைத்திருக்கும் பாக்கி அது.