இருபது முறை இறந்த வீரன்

வத்தளையில் வாழும் எங்களுக்குச் சிரஞ்சீவி ஒருவர் அயலவராக இருக்கிறார். களனி கங்கையின் வடகரையோடு சில கல் தூரம் கிழக்கு நோக்கிச் சென்றால் களனி விகாரை வரும். அங்கே விபீடணனுக்கு ஒரு தேவாலயம் உண்டு. சிங்கள மக்கள் அவனைக் காவல் தெய்வமாக வழிபடுகின்றனர். நம்முடைய புராண மரபு அவனைச் சிரஞ்சீவிகள் எழுவருள் ஒருவனாக எண்ணுகிறது. வரத்தினால் சாவை வென்றவனிடம் எனக்கு வணக்கம் உண்டு. ஆயினும் இளமையில் என் நெஞ்சைக் கொள்ளைகொண்ட சாவா வீரன் வேறொருவன். மருதானைப் பழைய புத்தகக் கடைகளில், அட்டை கிழிந்த சஞ்சிகைகளுக்கிடையே நான் கண்டெடுத்த முகமூடி வீரன் அவன். ஆங்கிலத்தில் அவனை ஃபாண்டம் என்பர். பின்னாளில் ராணி காமிக்ஸ் அவனுக்கு மாயாவி என்று பெயர் சூட்டியது. 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸ் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவி வேறு. மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறையும் அந்த வீரனுக்கும் இவனுக்கும் யாதொரு உறவுமில்லை.

மாயாவியை அறிந்த நம் மாணவர் பலர், அவனைப் படைத்த லீ ஃபாக்கை அறியார். அவர் 1911 ஏப்ரல் 28ஆம் நாள் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் லியோன் ஹரிசன் கிராஸ். அவர் சிறுவனாக இருக்கும்போதே தந்தை பெஞ்சமின் கிராஸ் இறந்துபோனார். தாய் எலினோர் மறுமணம் செய்துகொண்டார். இரண்டாம் தந்தையாக வந்த ஆல்பெர்ட் ஃபாக் எப்ஸ்டீனின் நடுப்பெயரையே மகன் பின்னர் தம் பெயராக்கிக்கொண்டார். இந்தச் செய்தியை அறிந்த பின்னர், மாயாவியின் கதையை முன்போல என்னால் படிக்க முடிந்ததில்லை.

அந்தக் கதைதான் என்ன? 1536ஆம் ஆண்டில் கடற்கொள்ளையர் ஒரு கப்பலைத் தாக்குகின்றனர். தந்தையைப் பறிகொடுத்த இளைஞன் ஒருவன் கரையொதுங்குகிறான். கொலைஞனின் மண்டையோட்டின் மீது கைவைத்து, தானும் தன் வழிவரும் ஆண்மக்களும் கொடுமையை எதிர்த்தே வாழ்வோம் என்று சூளுரைக்கிறான். அவன் இறந்ததும் மகன் அதே உடையையும் முகமூடியையும் அணிகிறான். அவனுக்குப்பின் அவன் மகன். நானூறு ஆண்டுகளாக ஒருவனே உலாவுகிறான் என்று காடு முழுவதும் நம்புகிறது. உண்மையில் நாம் காணும் மாயாவி இருபத்தோராமவன். முன்னவர் இருபதின்மரும் மண்டையோட்டுக் குகையில் உறங்குகின்றனர்.

இதுவே என்னைக் கவர்ந்தது. குண்டு துளைக்காத மார்புடையவன் துப்பாக்கியின் முன் நிற்பதில் என்ன வீரம் இருக்கிறது? சூப்பர்மேன் 1938இல் தோன்றினான். அவன் வேற்றுக் கிரகத்தவன், ஆற்றல் அவனுக்குப் பிறவியிலேயே அமைந்தது. அவனுக்கு இரண்டாண்டு முந்தி, 1936 பெப்ரவரி 17இல் நாளேடுகளில் வெளிவரத் தொடங்கிய மாயாவியோ குத்துப்பட்டால் குருதி சிந்துபவன். அவனுடைய பெருமை முழுவதும் தந்தையிடமிருந்து பெற்றது. மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியது. தந்தையைச் சிறுவயதில் இழந்த ஒருவரின் உள்ளத்தில் இத்தகைய தலைமுறைத் தொடர் உருவானது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

உடலோடு ஒட்டிய உடையைச் சித்திர வீரர்களுக்கு வழக்கமாக்கியதில் இவனுக்குப் பெரும்பங்கு உண்டு. முகமூடிக்குள் கண்மணி தெரியாமற் செய்தது கிரேக்கச் சிலைகளைக் கண்டு தோன்றிய யோசனை. உடையின் நிறத்தைச் சாம்பலாகவே ஃபாக் எண்ணியிருந்தார். 1939இல் ஞாயிறு வண்ணப் பக்கம் வந்தபோது அச்சகத்தார் ஊதாவாக்கிவிட்டனர். சுவீடனில் அது நீலம், இத்தாலியில் சிவப்பு.

மாயாவிக்கு முன்னரே, 1934இல், மந்திரவாதி மாண்ட்ரேக்கை ஃபாக் படைத்திருந்தார். தொடக்கப் படங்களைத் தாமே வரைந்து, பின்னர் ஃபில் டேவிஸிடம் தூரிகையை ஒப்படைத்தார். அக்காலத்தில் தம்மை உலகம் சுற்றியவராகப் பத்திரிகையாளரிடம் காட்டிக்கொண்டாராம்! உண்மையில் அப்போது அவர் தாய்நாட்டுக்கு வெளியே போனவரல்லர். சொன்ன பொய்யை மெய்யாக்கவோ என்னவோ, பிற்காலத்தில் பல நாடுகளுக்கும் பயணஞ் செய்தார். அவருடைய மற்றொரு காதல் நாடக அரங்கு. பல அரங்குகளை நடத்தினார். நாடகங்களை எழுதினார், இயக்கினார். 1953இல் மார்லன் பிராண்டோ பெர்னாட் ஷோவின் நாடகமொன்றில் நடித்தது அவருடைய தயாரிப்பிலேயே.

இனி, கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். கறுத்த மக்கள் வாழும் காட்டில் ஒரு வெள்ளையன் நீதி வழங்குகிறான். மக்கள் அவனை நம்பிப் பணிகின்றனர். குடியேற்ற ஆட்சியின் கீழ்க் கிடந்த நாட்டினராகிய நாம் இதைக் காணாததுபோல் கடந்துவிடலாகாது. அவனுடைய நாட்டுக்கு வங்காளத்தின் பெயரையே முதலில் இட்டிருந்தார். கொள்ளையரைச் சிங் என்று அழைத்தார். 1964இல் பம்பாயிலிருந்து இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியபோது நாட்டின் பெயரை டென்காலி என்றும், கொள்ளையரின் பெயரைச் சிங்கா என்றும் மாற்றியே அச்சிட நேர்ந்தது. மாண்ட்ரேக்கின் தோழன் லோதார் ஆபிரிக்க இளவரசன். ஆனால் தொடக்கத்தில் சிறுத்தைத்தோல் உடுத்து, கொச்சை மொழி பேசும் ஏவலாளாகவே வந்தான்.

ஃபாக் அந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை என்பது என் மதிப்பில் முக்கியமானது. ஆபிரிக்க நாடுகள் விடுதலையடைந்த காலத்தில், மாயாவியின் நாட்டுக்கும் லமாண்டா லுவாகா என்னும் கறுப்பின மருத்துவரைத் தேர்தல் வழியே தலைவராக்கினார். லோதாரும் நல்லுடை உடுத்துச் சரியாகப் பேசத் தொடங்கினான். இவ்வளவும் போதுமா என்று கேட்டால், போதாது என்பேன். காட்டரசன் கடைசிவரை வெள்ளையனாகவே இருந்தான்.

ஆனால் வாசகன் ஆசிரியனுக்குக் கட்டுப்பட்டவன் அல்லன். பப்புவா நியூகினியின் வாகி பள்ளத்தாக்கில் வாழும் மக்கள், இனக்குழுப் போர்களில் ஏந்தும் கேடயங்களில் மாயாவியின் உருவத்தை வரைந்திருக்கின்றனர். அக்கேடயங்களை இன்று அரும்பொருட்காட்சிச் சாலைகளிலும் காணலாம். சாவை அறியாதவன் என்ற ஒன்றையே அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவன் தோலின் நிறம் அவர்களுக்குத் தடையாகவில்லை. நான் எடுத்துக்கொண்டதோ அவன் சாகிறான் என்பதை.

1977இல் மாயாவிக்கும் டயானாவுக்கும் ஃபாக் மணம் முடித்துவைத்தார். பின்னர் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தனர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். நாற்பதாண்டு காதலித்துக் காத்திருந்த அந்தப் பெண்ணின் பொறுமைக்குத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

ஃபாக் தம் இறுதி நாட்களில், மருத்துவமனைக் கட்டிலில், மூச்சுக்காற்று முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கதை சொல்லி எழுதச் செய்தாராம். 1999 மார்ச் 13இல் நியூயோர்க் நகரில், எண்பத்தேழாம் வயதில் காலமானார். அறுபத்து மூன்றாண்டுகள் அவர் எழுதிவந்த மாயாவியை அதே ஆண்டில் டோனி டிபால் என்பவர் ஏற்று எழுதத் தொடங்கினார். நாளேட்டில் கதை தொடர்ந்தது.