முக்கொம்பு, கல்லணை, அணைக்கரை... நாம சுற்றிப் பார்க்கும் இடங்களுக்குப் பின்னால் இருக்கும் ஆர்தர் காட்டன் யார்?

ஞாயிற்றுக்கிழமை ஆனால் தஞ்சாவூர்க்காரர்களுக்கு இருக்கவே இருக்கிறது கல்லணை. பூங்காவில் பிள்ளைகளை ஓடவிட்டு, பாலத்து மேல நின்று மதகில் சீறும் தண்ணீரைப் பார்த்து, பொரித்த மீன் வாசனையோடு வீடு திரும்புவது இங்கே பல குடும்பங்களின் வழக்கம். திருச்சிப் பக்கம் என்றால் முக்கொம்பு. கும்பகோணம் தாண்டிப் போனால் அணைக்கரை. ஆடிப்பெருக்கு அன்று கேட்கவே வேண்டாம். சித்ரான்னம், காதோலை கருகமணி, முளைப்பாரியோடு கரை நிறைய கூட்டம்.

இந்த மூன்று இடங்களையும் இணைக்கும் பெயர் ஒன்று உண்டு: சர் ஆர்தர் காட்டன். கல்லணைப் பாலத்தில் இவர் சிலையைப் பார்த்திருப்பீங்க. பக்கத்தில் நின்று செல்ஃபிகூட எடுத்திருக்கலாம். ஆனா, கரிகாலன் கட்டிய அணையில் ஒரு வெள்ளைக்காரருக்கு என்ன வேலை?

யார் இந்த காட்டன்?

1803 மே 15 அன்று இங்கிலாந்தில் பிறந்தவர். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். கிழக்கிந்திய கம்பெனிக்கு ராணுவ அதிகாரிகளைத் தயாரித்த அடிஸ்கோம்ப் கல்லூரியில் படித்து, 1819-ல் மெட்ராஸ் இன்ஜினீயர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். 1821-ல் மெட்ராஸ் வந்து இறங்கியபோது வயது 18. முதலாம் பர்மா போரிலும் பங்கேற்றார்.

1828 வாக்கில் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவருக்கு வந்தது. அப்போது அவருக்கு 25 வயதுதான். இன்றைய கணக்கில், இன்ஜினீயரிங் முடித்து இரண்டு மூன்று வருஷம் ஆன ஒரு பையன்!

அப்போ தஞ்சாவூருக்கு என்ன பிரச்னை?

பிரச்னை புரிய ஆற்றின் அமைப்பு தெரியணும். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. கொள்ளிடம் தாழ்வானது, நேராக ஓடுவது. அதனால் தண்ணீர் இயல்பாகவே அந்தப் பக்கம் இழுக்கும். கல்லணை அருகே இரண்டு ஆறுகளும் மீண்டும் நெருங்கி வருகின்றன. அங்கே காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்குப் போய்விடாமல் டெல்டா பக்கம் திருப்பிவிடுவதுதான் கல்லணையின் வேலை.

ஆனால் நூற்றாண்டுகளாக அணைக்குப் பின்னால் மணல் சேர்ந்துகொண்டே வந்தது. காவிரியின் படுகை உயர உயர, அதில் நுழையும் தண்ணீர் குறைந்தது. கொள்ளிடம் இன்னும் அதிகமாக இழுத்தது. 1804-ல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல் கல்லணையின் உயரத்தைக் கூட்டச் சொன்னார். அப்படியே செய்தும் மணல் நிற்கவில்லை. நெல்லை நம்பியிருந்த தஞ்சாவூர் மெல்ல மெல்லக் காய்ந்துபோகும் நிலை.

கல்லணை சொல்லிக்கொடுத்த பாடம்

காட்டன் முதலில் செய்தது, இருப்பதைக் கூர்ந்து பார்த்ததுதான். பாறையே இல்லாத வெறும் மணல் படுகையில் இவ்வளவு பெரிய அணை எப்படி நிற்கிறது என்பது அன்றைய பொறியாளர்களுக்குப் புதிர். பெரிய கற்களை ஆற்று மணலில் இறக்கி, அவை தம் கனத்தாலேயே அமிழ்ந்து இறுக, மேலே மேலே கல் அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்பதை அவர் புரிந்துகொண்டார். மணலில் அஸ்திவாரம் போடும் நுட்பத்தை இந்த ஊரின் பழைய கட்டுநர்களிடம்தான் கற்றேன் என்பதைப் பின்னாளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். இந்த அணைக்கு ஆங்கிலத்தில் கிராண்ட் அணைக்கட் என்ற பெயர் வந்ததும் அவரால்தான்.

1830-ஐ ஒட்டி கல்லணையில் மணல் போக்கி மதகுகளை அமைத்தார். வெள்ளக் காலத்தில் திறந்தால் சேர்ந்த மணலைத் தண்ணீரே அடித்துக்கொண்டு போகும். பழைய அணையை இடிக்காமல், அதில் இல்லாத ஒன்றை மட்டும் சேர்த்தார்.

முக்கொம்பும் அணைக்கரையும் எதற்கு?

மதகு மட்டும் போதாது என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் பிரியும் இடத்திலேயே கை வைக்கணும். அதனால் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் ஒரு தடுப்பணை: மேலணை. நீர்மட்டம் உயர, காவிரிக்குள் தண்ணீர் தாராளமாக நுழைந்தது.

சரி, கொள்ளிடத்தை நம்பியிருந்த சிதம்பரம் பக்கத்து விவசாயிகள் என்ன ஆவார்கள்? அவர்களுக்காகக் கட்டப்பட்டதுதான் அணைக்கரையில் உள்ள கீழணை. கொள்ளிடத்தில் வந்து சேரும் தண்ணீரை அங்கே தேக்கி வாய்க்கால்களில் திருப்பிவிட்டார்கள். இன்றும் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போவது இங்கிருந்துதான். சென்னையில் வீராணம் தண்ணீர் குடிப்பவர்களுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு!

இரண்டு அணைகளும் 1830-களின் நடுவில் எழுந்தன. எல்லாம் சரியாகவே போனதா என்றால், இல்லை. மேலணை வந்தபின் காவிரிக்குள் தேவைக்கு மேல் தண்ணீர் பாய்ந்து படுகையை அரிக்க, 1840-களில் மீண்டும் திருத்த வேலைகள் நடந்தன. ஆறு, கணக்குக்கு அடங்காத மாணவன் மாதிரி.

கோதாவரியும் படகுக் கனவும்

இடையில் உடல்நலம் கெட, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் சில காலம் இருந்தார். 1841-ல் திருமணமும் அங்கேதான். திரும்பி வந்தவர், காவிரியில் கற்றதைக் கோதாவரிக்குக் கொண்டுபோனார். பஞ்சத்தாலும் புயலாலும் நொந்துபோயிருந்த அந்தப் பகுதியில், 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். ஆந்திராவின் கோதாவரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் அவர் சிலை இருக்கிறது. பிறந்த நாளுக்கு மாலை விழுகிறது.

கால்வாய் என்றால் அவருக்குப் பாசனம் மட்டுமல்ல, போக்குவரத்தும்தான். ரயிலைவிடப் படகில் சரக்கு ஏற்றுவது மலிவு, ஆறுகளைக் கால்வாய்களால் இணைக்கலாம் என்று விடாமல் வாதாடினார். அரசு ரயில் பக்கமே சாய்ந்தது. அவர் யோசனையில் வந்த கர்னூல் - கடப்பா கால்வாய் லாபம் தராமல், தனியார் கம்பெனியிடமிருந்து 1882-ல் அரசு கைக்குப் போனது.

1861-ல் சர் பட்டம். ஓய்வுக்குப் பின் இங்கிலாந்து திரும்பியும் எழுதுவதை விடவில்லை. 1878-ல் நாடாளுமன்றக் குழு முன் நின்று பாசனத்துக்காகப் பேசினார். 1899 ஜூலை 24 அன்று, 96 வயதில் காலமானார்.

அப்போ அவர் நமக்காகவே வந்தவரா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. அணைக்குக் கம்பெனி பணம் ஒதுக்கியது, விளைச்சல் கூடினால் நிலவரி கூடும் என்பதால். கட்டுமான வேலையில் கல் சுமந்து, மணல் அள்ளிய ஆயிரக்கணக்கான கூலிக்காரர்களின் பெயர் எந்தச் சிலையிலும் இல்லை. இதையும் சேர்த்தேதான் அவரைப் பார்க்கணும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தஞ்சை பெரிய கோயில் பக்கமாக, இர்வின் பாலத்துக்குக் கீழே ஓடும் புது ஆற்றையும் காட்டன் வெட்டியதாகச் சிலர் சொல்வார்கள். அது தவறு. கல்லணைக் கால்வாய் என்ற அந்தப் புது ஆறு, 1934-ல் முடிந்த மேட்டூர் அணைத் திட்டத்தோடு வந்தது. பொறியாளர் எல்லிஸ் காலத்து வேலை. காட்டன் இறந்து அப்போது 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்போ ஏன் தெரிஞ்சுக்கணும்?

2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. 180 ஆண்டுகளைக் கடந்த அணை. பக்கத்திலேயே புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று. நாம் வேடிக்கை பார்க்கும் இடம், ராப்பகலாக வேலை செய்யும் ஓர் இயந்திரம் என்பதை அந்த இரவு காட்டியது.

அதனால் அடுத்த முறை போகும்போது இரண்டு விஷயம். ஒன்று, மதகு அருகிலும் கான்கிரீட் சரிவு உள்ள கரைகளிலும் குளிக்க இறங்காதீங்க. மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். கால் வழுக்கினால் பிடிமானம் கிடைக்காது. அனுமதித்த படித்துறை போதும்.

இரண்டு, கல்லணைப் பாலத்தில் நிற்கும்போது கொஞ்சம் கீழே குனிந்து பாருங்க. புதிதாகக் கட்டும் முன் பழையது எப்படி நிற்கிறது என்று 25 வயதில் ஒருவர் பார்த்ததும் அதே இடத்தைத்தான். அப்படி அவர் பார்த்ததால்தான், நாம் பார்க்க இன்றும் அங்கே தண்ணீர் ஓடுகிறது.