அன்னாசி முதல் காண்டாமிருகம் வரை: வாலஸ் ஏன் ஒவ்வோர் உயிருக்கும் 'முகவரி' எழுதினார்?

ஜொகூரின் பெக்கான் நானாஸ் வழியாகப் போனால் வண்டியை நிறுத்தி அன்னாசி வாங்காமல் வருவீர்களா? ஊர் பெயரிலேயே பழம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பழம் இந்த மண்ணைச் சேர்ந்தது இல்லை, தெரியுமா? அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. மலாயில் 'நானாஸ்', தமிழில் 'அன்னாசி', அறிவியலில் 'அனனாஸ் கொமோசஸ்'. மூன்றுமே தென் அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஒரே சொல்லில் இருந்து வந்தவை. போர்த்துகீசியர்கள் பழத்தோடு பெயரையும் ஆசியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்.

பெயர் ஒரு பொருளின் ஊரைச் சொல்லும். ஓர் உயிரினம் எந்த ஊரில் வாழ்கிறது என்பதை வைத்தே அது எப்படித் தோன்றியது என்று கண்டுபிடிக்கலாம் என நம்பினார் ஒருவர். அவரும் தென் அமெரிக்கா போய்விட்டுத்தான் நம்ம பக்கம் வந்தார். அவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ்.

யார் இவர்?

1823 ஜனவரி 8ஆம் தேதி வேல்ஸில் பிறந்தார். வீட்டில் பணக் கஷ்டம். 14 வயதில் பள்ளிப் படிப்பு முடிந்துபோனது. அண்ணனுடன் சேர்ந்து நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். எங்கே எது இருக்கிறது என்று துல்லியமாகக் குறிக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

1848இல் நண்பர் ஹென்றி பேட்ஸுடன் அமேசானுக்குக் கிளம்பினார். பூச்சி, பறவைகளைப் பிடித்து அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் விற்பதுதான் பிழைப்பு. நான்கு ஆண்டு கழித்து ஊர் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. சேகரித்ததில் பெரும்பகுதி சாம்பல். பத்து நாள் படகில் தத்தளித்தபின் வேறொரு கப்பல் அவரைக் காப்பாற்றியது.

நாமாக இருந்தால் அத்தோடு விட்டிருப்போம். அவர் இரண்டே ஆண்டில் மறுபடி கிளம்பினார், இந்த முறை சிங்கப்பூருக்கு.

ஜொகூர் மலையில் என்ன பார்த்தார்?

1854 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்தவர், புக்கிட் தீமா காட்டில் வண்டு பிடிக்க ஆரம்பித்தார். பிறகு மலாக்கா. அங்கிருந்து குனோங் லேடாங் ஏறினார். ஆமாம், இன்று நீங்கள் ஹைக்கிங் போகும் அதே மலை. தாகம் எடுத்தபோது குடுவைத் தாவரங்களில் தேங்கிய நீரைக் குடித்தாராம், உள்ளே பூச்சி மிதந்தும்கூட!

அந்தக் காட்டில் யானைகளின் கால்தடமும் சாணமும் கிடந்தன. ஒரு காண்டாமிருகம் மிக அருகில் இருந்து ஓடியது, ஆனால் கண்ணில் படவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வகைப்பாடும் பரிணாமமும் எங்கே சந்திக்கின்றன?

அந்தக் காலத்தில் பலர் 'பிரேசில்' அல்லது 'கிழக்கிந்தியா' என்று மட்டும் எழுதி ஒரு பறவையை அலமாரியில் வைத்துவிடுவார்கள். அது போதாது என்றார் வாலஸ். அமேசானில் ஆற்றின் ஒரு கரையில் ஒரு குரங்கினம், மறுகரையில் அதன் 'உறவுக்கார' இனம் வாழ்வதைப் பார்த்தவர் அவர். அதனால் இங்கே தீவு வாரியாக, இடம் வாரியாகச் சீட்டு எழுதி வைத்தார்.

சீட்டுகள் கூடக்கூட ஒரு விஷயம் தெளிவானது. நெருங்கிய உறவுள்ள இனங்கள் பக்கத்துப் பக்கத்து இடங்களில்தான் இருக்கின்றன. 1855இல் சரவாக்கில் இருந்தபடி அதைக் கட்டுரையாக எழுதினார்: ஒவ்வோர் இனமும், தனக்கு முன்பே அதே வட்டாரத்தில் இருந்த ஒரு நெருங்கிய இனத்தை ஒட்டித்தான் தோன்றுகிறது. சுருக்கமாகச் சொன்னால், வகைப்பாடு என்பது ஒரு குடும்ப மரம்.

அதே ஆண்டு சரவாக் ஆட்சியாளர் ஜேம்ஸ் புரூக்கின் பெயரை ஒரு பட்டாம்பூச்சிக்குச் சூட்டினார். முதலில் அதை 'ஆர்னித்தாப்டெரா' பேரினத்தில் சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் 'ட்ரோகனாப்டெரா'வுக்கு மாற்றினார்கள். 'புரூக்கியானா' என்ற இரண்டாம் பெயர் மட்டும் அப்படியே நின்றது. உறவு தெளிவாகும்போது குடும்பப் பெயர் மாறும், அவ்வளவுதான். இன்று அது மலேசியாவின் தேசியப் பட்டாம்பூச்சி.

1856இல் பாலியில் இருந்து லோம்போக் போனார். நடுவில் சுமார் 35 கிலோமீட்டர் கடல்தான். பறவைகளோ பெரிதும் வேறு. ஆசிய உயிரினங்களும் ஆஸ்திரேலிய உயிரினங்களும் பிரியும் அந்த எல்லைதான் 'வாலஸ் கோடு'.

1858இல் மலுக்கு தீவுகளில் காய்ச்சலில் படுத்திருந்தபோது விடுபட்ட விடை கிடைத்தது. பிறக்கும் எல்லா உயிர்களும் பிழைப்பதில்லை. சூழலுக்குப் பொருந்தும் மாற்றம் உள்ளவை பிழைக்கின்றன, மாற்றம் சேரச்சேரப் புது இனம் உருவாகிறது. அதை எழுதி சார்ல்ஸ் டார்வினுக்கு அனுப்பினார். டார்வினும் பல ஆண்டுகளாக அதே முடிவில்தான் இருந்தார். 1858 ஜூலை 1ஆம் தேதி லண்டனில் இருவரின் எழுத்தும் சேர்த்தே வாசிக்கப்பட்டன. வாலஸுக்கு அது பிறகுதான் தெரியும்.

அவர் தனியாகவா செய்தார்?

இல்லை. சரவாக்கில் வேலைக்குச் சேர்ந்த மலாய் இளைஞர் அலி, பல ஆண்டு கூடவே இருந்தார். பச்சான் தீவில் ஒரு புதுவகைச் சொர்க்கப் பறவையைப் பிடித்து வந்து காட்டியவர் அலிதான். பறவைக்குக் கிடைத்ததோ வாலஸின் பெயர்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். எட்டு ஆண்டில் 1,25,660 உயிரினங்களைச் சேகரித்தார் வாலஸ். அதில் அவர் சுட்ட உராங் ஊத்தான்களும் உண்டு. தாயைச் சுட்டபின் கிடைத்த ஒரு குட்டியைச் சில மாதம் வளர்த்துப் பார்த்தார், அது இறந்துபோனது.

அதே மனிதர்தான் 1863இல் லண்டனில் எச்சரித்தார். ஒவ்வோர் இனமும் பூமியின் வரலாற்றில் ஓர் எழுத்து. எழுத்துகள் உதிர்ந்தால் வாக்கியம் புரியாது. அரசாங்கங்கள் உடனே சேகரித்துப் பதிவு செய்யாவிட்டால், பாதுகாக்க முடிந்தும் அழியவிட்டதாக வருங்காலம் நம்மைக் குறை சொல்லும் என்றார்.

அந்தக் காண்டாமிருகம் என்னாச்சு?

மலேசியாவின் கடைசி சுமத்ராக் காண்டாமிருகம் இமான், 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. லேடாங்கில் வாலஸ் கேட்ட அந்தச் சத்தத்தை இனி அங்கே நீங்கள் கேட்க முடியாது. ஓர் எழுத்து உதிர்ந்துவிட்டது.

எல்லாமே போய்விடவில்லை. பெக்கான் நானாஸ் இருக்கும் பொந்தியான் மாவட்டத்திலேயே, தஞ்சோங் பியாயிலும் குக்குப் தீவிலும் சதுப்புநிலக் காடுகள் இன்னும் நிற்கின்றன. 2003இல் அவை ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. காடு நின்றால்தான் அதை நம்பி வாழும் நாரைக்கும் நீர்நாய்க்கும் முகவரி இருக்கும்.

1913இல், 90 வயதில் வாலஸ் காலமானார். அவர் எழுதிய சீட்டுகள் அருங்காட்சியகங்களில் இன்னும் இருக்கின்றன. எந்த இனம் எங்கே இருந்தது என்று இன்றைய ஆய்வாளர்கள் தேடுவது அவற்றில்தான்.

அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது அன்னாசி வாங்குங்கள். கையோடு, கண்ணில் படும் ஒரு பறவையையோ பூச்சியையோ படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் சேர்த்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் போடுங்கள். அதுவும் ஒரு சீட்டுதான்.