பாட்டே இல்லாம படம் எடுத்த வீணை வித்வான்

க்ரைம் ஷார்ட் ஃபிலிம் எடுக்கணும்னா நீங்க முதல்ல எதைத் தேடுவீங்க? பழைய தொப்பி, பழைய கார், ஒரு பிளாக் அண்ட் ஒயிட் ஃபில்டர். எங்க டீமும் அதைத்தான் தேடுச்சு. லொக்கேஷன் பார்க்க திண்டிவனம் பக்கம் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போனோம். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கிற இடம். கரண்ட் கம்பம் ஃப்ரேமுக்குள்ள வராம பார்த்துக்கிட்டா, அது எந்தக் காலம்னு யாராலும் சொல்ல முடியாது. அப்போ கேமரா பிடிச்சவன் கேட்டான்: நம்ம கதை ஏன் 1940-கள்ல நடக்கணும்? யார்கிட்டயும் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடிப் போனப்போதான் எஸ். பாலசந்தர் கிடைச்சார். நீங்க நினைக்கிற கே. பாலசந்தர் இல்லை, இவர் வீணை பாலசந்தர்.

1927 ஜனவரி 18-ல் சென்னையில் பிறந்தார். 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் சின்னப் பையனாக நடித்தார். அதில் ராமனாக நடித்தது அவருடைய அண்ணன் எஸ். ராஜம். சின்ன வயசிலேயே பல வாத்தியங்களைக் கையில் எடுத்தார். வீணையை எந்த குருவும் இல்லாம தானாகவே கத்துக்கிட்டார். கூடவே சினிமாவில் நடித்தார், இசையமைத்தார், 1948-ல் 'என் கணவர்' படத்தை இயக்கவும் செய்தார்.

அடுத்து வந்ததுதான் நமக்கு முக்கியம். குரோசாவாவின் 'ராஷோமோன்' படம் அவரை விடாம துரத்தியது. அந்தப் பாதிப்பில் ஒரு கொலைக் கதையை உருவாக்கினார். ஏ.வி.எம். தயாரித்தது, ஜாவர் சீதாராமன் எழுதினார், சிவாஜி நடித்தார். 1954 ஏப்ரல் 13-ல் 'அந்த நாள்' வெளியானது. ஒரு பாட்டு கூட இல்லை. படத்துக்குப் பாட்டுதான் உயிர்னு இருந்த காலத்தில், சங்கீதத்திலேயே ஊறின ஒருத்தர் இதைச் செய்தார்னு யோசிச்சுப் பாருங்க. முதல் ஓட்டத்தில் படம் தோற்றது. பிறகு மத்திய அரசின் நற்சான்றிதழ் கிடைத்தது.

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். கதை நடப்பது 1943 அக்டோபரில், ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில். சுடப்பட்டு இறப்பவன் ராஜன், நம்மளை மாதிரி ஒரு என்ஜினியர், ரேடியோ அவனுடைய துறை. விசாரணையில் ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க. கொலையாளி யார்னு சொல்லி உங்க சுவாரசியத்தைக் கெடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, அந்தப் போரை எடுத்துட்டா கொலைக்குக் காரணமே இருக்காது. அங்கே காலம் வெறும் செட் இல்லை, அதுதான் மோட்டிவ்.

அந்த வருஷம் பாலசந்தருக்கு 16 வயசு. அவர் படம் பிடித்த பயம் கேள்விப்பட்டது இல்லை, அவர் வளர்ந்த ஊரே அனுபவிச்சது.

1964-ல் 'பொம்மை', 1970-ல் 'நடு இரவில்' என்று மர்மக் கதைகளை விடாமல் எடுத்தார். பிறகு வீணையே முழு வாழ்க்கையானது. 1982-ல் பத்ம பூஷண். 1990 ஏப்ரல் 13-ல் பிலாய் நகரில் காலமானார். 'அந்த நாள்' வெளியான அதே தேதி, 36 வருஷம் கழிச்சு.

நாங்க ஸ்கிரிப்டைத் திரும்ப எழுதினோம். 1942-ல் ஜப்பான் தாக்கும்னு பயந்து ஏராளமானவங்க சென்னையைக் காலி பண்ணி உள்ளூர்ப் பக்கம் போனாங்க. அப்படித் திருவக்கரைக்கு வந்து சேர்ற ஒருத்தன், அவன் யார்னு ஊரில் யாருக்கும் தெரியாது. இப்போ எங்க கதைக்கு ஒரு வருஷம் இருக்கு. தொப்பி இன்னும் கிடைக்கலை, பரவாயில்லை.

நீங்களும் ஸ்கிரிப்ட் எழுதுறீங்கன்னா, முதல் பக்கத்தில் வருஷத்தைப் போட்டுட்டு, அதை அடிச்சுட்டுப் படிச்சுப் பாருங்க. கதை அப்படியே நிக்குதுன்னா, உங்களுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கு.