வில்லியம் வில்லெட்

வில்லியம் வில்லெட் (ஆகஸ்ட் 10, 1856 – மார்ச் 4, 1915) இங்கிலாந்தைச் சேர்ந்த கட்டிடத் தொழிலதிபர் ஆவார். கோடைகாலத்தில் கடிகாரங்களை முன்னோக்கித் திருப்பி வைக்கும் பகலொளி சேமிப்பு நேரம் என்ற முறைக்காக 1907 ஆம் ஆண்டு முதல் தம் இறப்பு வரை தொடர்ந்து பரப்புரை செய்தவர். அவர் வாழ்ந்த காலத்தில் இம்முறை பிரித்தானியாவில் சட்டமாகவில்லை. அவர் இறந்து ஓராண்டு கழித்து, 1916 இல் சட்டமானது. இன்று கணினி நாட்காட்டிகளில் குறித்து வைக்கப்படும் சந்திப்புகள் ஆண்டுக்கு இருமுறை குழப்பத்துக்கு உள்ளாவதற்கும் இம்முறையே காரணம்.

இளமையும் தொழிலும்

வில்லெட் சர்ரே மாவட்டத்தில் உள்ள ஃபார்ன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். லண்டனில் கல்வி பயின்றபின், தந்தையார் நடத்திய கட்டிட நிறுவனத்தில் சேர்ந்தார். தந்தையின் பெயரும் வில்லியம் வில்லெட் என்பதால் இருவரையும் குழப்பிக்கொள்ளுதல் கூடாது. லண்டனின் செல்வந்தர் வாழும் பகுதிகளிலும், கடற்கரை நகரான ஹோவ் நகரிலும் இந்நிறுவனம் கட்டிய வீடுகள் தரத்துக்குப் பெயர் பெற்றிருந்தன. வில்லெட் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கென்ட் மாவட்டத்துச் சிசில்ஹர்ஸ்ட் என்ற ஊரில் கழித்தார்.

கருத்து தோன்றிய விதம்

வில்லெட் விடியற்காலையில் குதிரைச் சவாரி செய்யும் வழக்கம் உடையவர். 1905 ஆம் ஆண்டுக் கோடையில் பெட்ஸ் வுட் காட்டை ஒட்டிச் சவாரி செய்தபோது, சூரியன் நன்கு மேலெழுந்த பின்னும் வீடுகளின் சன்னல் திரைகள் மூடியே கிடந்ததைக் கண்டார் எனவும், அதிலிருந்தே இக்கருத்து உருவானது எனவும் கூறப்படுகிறது. இங்கிலாந்து நிலநடுக்கோட்டிலிருந்து வெகு வடக்கே உள்ளது. கடிகாரத்தை மாற்றாவிட்டால், சூன் மாதத்தில் அங்கு விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் உதித்துவிடும். ஆகவே பெரும்பாலோர் கண்விழிக்கும் முன்பே சில மணி நேரப் பகலொளி கழிந்துவிடுகிறது. ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஆறு மணிக்கே விடியும் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதன் தேவையை உணர்வது சற்றுக் கடினம்.

இக்கருத்தை முதலில் வெளியிட்டவர் வில்லெட் அல்லர். நியூசிலாந்தைச் சேர்ந்த பூச்சியியல் ஆர்வலர் சார்ச் வெர்னான் அட்சன் 1895 இலேயே இரண்டு மணி நேர மாற்றத்தை முன்மொழிந்திருந்தார். வில்லெட் இதே கருத்துக்குத் தனியாக வந்து சேர்ந்தார். பெஞ்சமின் பிராங்கிளின் 1784 இல் இம்முறையைக் கண்டுபிடித்தார் என்று பலரும் எழுதுவது தவறு. அவர் எழுதியது பாரிசு மக்கள் காலையில் சீக்கிரம் எழவேண்டும் என்னும் நகைச்சுவைக் கடிதம் மட்டுமே. அதில் கடிகாரத்தை மாற்றும் பேச்சே இல்லை.

வில்லெட்டின் திட்டம்

1907 இல் வில்லெட் பகலொளி வீணாவதைப் பற்றிய சிறு நூல் ஒன்றைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். அதில் அவர் முன்வைத்த திட்டம் இன்றுள்ள முறையிலிருந்து பெரிதும் வேறுபட்டது. ஏப்ரல் மாதத்தின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில், ஒவ்வொரு முறையும் அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 20 நிமிடங்கள் முன்னோக்கி வைக்கப்படும். நான்கு வாரங்களில் மொத்தம் 80 நிமிடங்கள். பின்னர் செப்டம்பர் மாதத்தில் அதேபோல் நான்கு தவணைகளில் பழைய நேரத்துக்குத் திரும்பும். இதனால் விளக்குச் செலவில் ஆண்டுக்கு 25 இலட்சம் பவுண்டு மிச்சமாகும் என்று அவர் கணக்கிட்டார்.

சிறிது சிறிதாக மாற்றினால் யாருக்கும் உறைக்காது என்பது அவருடைய எண்ணம். உடலுக்கு இது பொருந்தலாம். அட்டவணைகளுக்குப் பொருந்தாது. தொடர்வண்டி, தந்தி, வங்கி ஆகிய யாவும் ஆண்டுக்கு எட்டு முறை கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருக்கும்.

நாடாளுமன்றத்தில்

1908 இல் லிபரல் கட்சி உறுப்பினர் இராபர்ட் பியர்சு இதற்கான சட்ட வரைவைப் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். அதனை ஆராய்ந்த குழு, 20 நிமிடத் தவணைகளைக் கைவிட்டு, ஒரே முறையில் ஒரு மணி நேரம் மாற்றலாம் என்று திருத்தியது. பின்னாளில் உலகெங்கும் பரவியது இந்த எளிய வடிவமே. எனினும் வரைவு சட்டமாகவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது பலமுறை கொண்டுவரப்பட்டுத் தோல்வியடைந்தது.

வின்ஸ்டன் சர்ச்சில், லாயிட் சார்ச், எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில் ஆகியோர் வில்லெட்டை ஆதரித்தனர். பிரதமர் ஆசுகுவித், அரச வானியலாளர் வில்லியம் கிறித்தி ஆகியோர் எதிர்த்தனர். உழவர்களின் எதிர்ப்பு வலுவாக இருந்தது. வைக்கோலின் மேல் படிந்த பனி கடிகாரத்தைப் பார்த்து உலர்வதில்லை என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம்.

இன்றைய மென்பொருள் உருவாக்குநருக்கு மிகவும் பழக்கமானது பங்குச்சந்தையினரின் எதிர்ப்பு. லண்டன் பங்குச்சந்தையும் நியூயார்க் பங்குச்சந்தையும் ஒரே வேளையில் திறந்திருக்கும் நேரம் மிகக் குறுகியது. லண்டன் மட்டும் கடிகாரத்தை மாற்றினால் அந்நேரம் பறிபோய்விடும் என்று அவர்கள் அஞ்சினர். ஒரு நாடு தன் கடிகாரத்தை மாற்றும்போது மற்றொரு நாட்டுடன் அது செய்துகொண்ட ஏற்பாடுகள் என்னவாகும் என்ற கேள்வி இவ்வாறு கணினிக்கு வெகுமுன்பே எழுந்துவிட்டது.

மறைவும் சட்டமும்

வில்லெட் 1915 மார்ச் 4 அன்று இன்ஃபுளுவென்சா காய்ச்சலால் தம் 58 ஆவது வயதில் இறந்தார். முதல் உலகப்போர் அப்போது நடந்துகொண்டிருந்தது. நிலக்கரியைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, செருமனி 1916 ஏப்ரல் 30 இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்தது. பிரித்தானியா விரைந்து மே 17 அன்று சட்டம் இயற்றி, மே 21 முதல் நடைமுறைப்படுத்தியது. தம் நாட்டில் எட்டாண்டு வாதாடியும் பெறமுடியாததைப் பகை நாடு சில வாரங்களில் பெற்றுத்தந்ததைக் காண வில்லெட் உயிருடன் இல்லை. 1925 இல் இது நிலையான சட்டமாயிற்று.

கணினி நாட்காட்டிகளில்

இப்போது பிரித்தானியாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரம் 1:00 இலிருந்து 2:00 க்குத் தாவுகிறது. அன்று 1:30 என்னும் நேரமே இல்லை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று 1:30 இரண்டு முறை வருகிறது. அன்று 1:30 என்று மட்டும் குறிக்கப்பட்ட சந்திப்பு எந்த 1:30 ஐச் சுட்டுகிறது என்பதைக் கணினி தானாக அறிய முடியாது.

வாரந்தோறும் நிகழும் சந்திப்புகளில் சிக்கல் மிகுதி. லண்டனில் காலை 9 மணிக்கு நிகழும் கூட்டம் சென்னையில் குளிர்காலத்தில் பிற்பகல் 2:30 க்கும் கோடையில் 1:30 க்கும் அமையும். இந்தியாவில் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. ஆயினும் மாறுவது சென்னையில் இருப்பவரின் மதிய உணவு நேரமே. மேலும் ஐக்கிய அமெரிக்கா மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்றே மாறிவிடுவதால், அம்மாதத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வழக்கமான ஐந்து மணி நேர வேறுபாடு நான்காகக் குறைகிறது.

வருங்காலச் சந்திப்பை அனைத்துலக நேரத்துக்கு மாற்றிச் சேமித்தால் போதும் என்று புதிய நிரலர் பலர் கருதுவதுண்டு. நடந்து முடிந்த நிகழ்வுகளுக்கு அது சரி. ஆனால் விதிகளை அரசுகள் இடையில் மாற்றிவிடுகின்றன. ஐக்கிய அமெரிக்கா 2005 இல் இயற்றிய சட்டத்தின்படி 2007 இல் கோடை நேரம் மூன்று வாரங்கள் முன்னதாகவே தொடங்கியது. பழைய விதியின்படி சேமிக்கப்பட்டிருந்த சந்திப்புகள் அவ்வாரங்களில் ஒரு மணி நேரம் தவறாகக் காட்டின. ஆகவே உள்ளூர்க் கடிகார நேரத்தையும் இடத்தின் நேர வலயப் பெயரையும் சேர்த்துச் சேமித்து, அனைத்துலக நேரத்தை அப்போதைய விதியின்படி கணக்கிடுவதே நல்லது. மாற்றம் எப்போதும் ஒரு மணி நேரமாகவே இருக்கும் என்றும் கொள்ளலாகாது. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் அது அரை மணி நேரம்.

இவ்விதிகள் அனைத்தையும் உலகளவில் தொகுத்து வைத்துள்ள நேர வலயத் தரவுத்தளத்தை ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கினார். லினக்சு, ஆண்ட்ராய்டு உள்ளிட்ட பல இயங்குதளங்கள் இதனையே பயன்படுத்துகின்றன. இதன் ஐரோப்பாவுக்கான கோப்பில், பிரித்தானிய விதிகளுக்கு அருகே, வில்லெட்டையும் அவருடைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளையும் பற்றிய குறிப்பு ஒன்று உள்ளது. கணினி அவ்வரிகளைப் படிக்காமல் கடந்துவிடும். கோப்பைத் திறந்து பார்க்கும் நிரலர்களே படிக்கின்றனர்.

ஐரோப்பிய நாடாளுமன்றம் இம்முறையைக் கைவிட 2019 இல் வாக்களித்தது. உறுப்பு நாடுகளிடையே உடன்பாடு ஏற்படாததால் அது நடைமுறைக்கு வரவில்லை.

நினைவுச் சின்னங்கள்

வில்லெட் சவாரி செய்த பெட்ஸ் வுட் காட்டின் ஒரு பகுதி பொதுமக்களின் நன்கொடையால் வாங்கப்பட்டு, அவர் நினைவாகப் பாதுகாக்கப்படுகிறது. அங்கு 1927 இல் சூரியக் கடிகாரம் ஒன்று நிறுவப்பட்டது. அவ்வூரில் அவர் பெயரில் ஒரு சாலையும், பகலொளியின் பெயரில் ஒரு மது விடுதியும் உள்ளன. கோல்ட்பிளே இசைக்குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் வில்லெட்டின் வழிவந்தவர். அக்குழுவின் புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்றின் தலைப்புக் கடிகாரங்கள் என்பதாகும்.

பெட்ஸ் வுட் சூரியக் கடிகாரம் கோடை நேரத்தைக் காட்டுமாறு அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே அக்டோபர் இறுதி முதல் மார்ச் இறுதி வரை அங்கு செல்வோர், அது காட்டும் நேரத்திலிருந்து ஒரு மணியைக் கழித்துக்கொள்ள வேண்டும்.