இசைத்தட்டில் தங்கிய செங்கோட்டைக் குரல்

திருவனந்தபுரத்தில் பிழைக்க வந்த தமிழர்களில் செங்கோட்டை, தென்காசிப் பக்கத்தவர்கள் கணிசமாக உண்டு. ஊருக்குப் போகிறோம் என்றால் அவர்களுக்கு இப்போது வேறு மாநிலத்துக்குப் போவதாக அர்த்தம். 1956 நவம்பர் 1 வரை அப்படி இல்லை. அதுவரை செங்கோட்டையும் திருவனந்தபுரத்தின் ஆட்சியில்தான் இருந்தது. அந்தச் செங்கோட்டையில் 1906 ஆகஸ்ட் 25 அன்று பிறந்தவர் எஸ்.ஜி.கிட்டப்பா. தமிழ் நாடக மேடையையே தன் குரலால் கட்டி ஆண்ட அந்தப் பாடகர், மூலம் திருநாள் மகாராஜாவின் பிரஜையாகப் பிறந்தவர் என்பது இங்குள்ள நம்மவர்களில் பலருக்கும் தெரியாது.

தந்தையார் கங்காதர ஐயர், தாயார் மீனாட்சி அம்மாள். பிறந்தபோது வைத்த பெயர் ராமகிருஷ்ணன். வீட்டில் பிள்ளைகள் பலர். வருமானமோ மிகக் குறைவு. பள்ளிக்கூடம் போய்ப் படிக்க வகையில்லை. புனலூரிலிருந்து மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு ரயில் வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்த காலம் அது. கிட்டப்பாவுக்கு ஐந்து வயதுகூட நிறையாதபோது, அதே ஊர்க்காரரான வாஞ்சிநாதன் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டார். சின்னஞ்சிறு ஊருக்கு இரண்டு பெரிய பெயர்கள்.

ஏழைக் குடும்பத்துப் பையன்களுக்கு அக்காலத்தில் இருந்த ஒரு வழி நாடகக் கம்பெனி. சாப்பாடு, துணிமணி, தங்க இடம் மூன்றும் கிடைக்கும். பாட்டும் வசனமும் வாத்தியார் சொல்லித் தருவார். அடியும் உண்டு. இதே திருவனந்தபுரத்தில் பிறந்த டி.கே.சண்முகமும் அவரது சகோதரர்களும் 1918ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் கம்பெனியில் சேர்ந்தது இப்படித்தான். கிட்டப்பாவும் அண்ணன்மாரோடு சிறு வயதிலேயே மேடை ஏறிவிட்டார். குருவின் வீட்டில் வருஷக்கணக்கில் இருந்து முறையாகச் சங்கீதம் படித்தவர் அல்ல. காதால் கேட்டதைக் கண்டத்தில் வாங்கிக்கொண்டவர். சகோதரர் காசி ஐயர் ஹார்மோனியத்தில் தேர்ந்தவரானார். கிட்டப்பாவின் பாட்டுக்கு அவருடைய ஹார்மோனியம் கடைசி வரை துணை நின்றது.

கன்னையா கம்பெனியில் சேர்ந்த பிறகு கிட்டப்பாவின் பெயர் எங்கும் பரவியது. கன்னையாவின் நாடகம் என்றால் காட்சி ஜோடனைக்குப் பிரசித்தம். தசாவதாரம் நாடகத்தைப் பார்க்க ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சீன் பார்க்க வந்த கூட்டம் போகப் போகக் கிட்டப்பாவின் பாட்டைக் கேட்கும் கூட்டமாக மாறிற்று. பெண் வேஷமும் கட்டினார், ராஜ வேஷமும் கட்டினார். வேஷம் எதுவானாலும் ஜனங்களுக்குப் பாட்டுத்தான் முக்கியம்.

அன்றைய மேடைக்கு மைக் கிடையாது. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியும் வரை நடக்கும். தகரக் கொட்டகையின் கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியாக வேண்டும். ஆகவே உச்ச ஸ்தாயியில் பாடுவது மேடைப் பாடகனுக்குப் பிழைப்பின் நிபந்தனை. கிட்டப்பா அந்த உச்சத்தில் கத்தவில்லை. மேலே போகப் போகக் குரல் மெலியாமலும் பிசிறில்லாமலும் அங்கேயே நின்று பிருகாக்களை உதிர்க்கும். கச்சேரி வித்துவான்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து கேட்டார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் ஒன்ஸ்மோர் என்ற கூச்சல் எழும். மறுபடி பாடுவார். கூட்டம் விடாது, இன்னொரு தடவையும் பாடுவார்.

சீமையில் ஆப்பெரா என்ற இசை நாடகத்துக்கும் இதே கதிதான். ஜெர்மனியில் வாக்னர் என்ற மேதை எழுதிய ஆப்பெராக்களில் நூறு பேர் வாசிக்கும் வாத்தியக் கோஷ்டி கீழே முழங்கும். அதற்கு மேலே பாடகர் மைக் இல்லாமல் கேட்க வேண்டும். அவருடைய நாலு பாகப் பெரிய நாடகம் 1876ல் பைராய்ட் என்ற ஊரில் முதன் முதலாக முழுசாக நடந்தபோது, நாலு நாளில் ஏறத்தாழ பதினைந்து மணி நேரம் பிடித்தது. நம் ஊர் விடிய விடிய நாடகம் அவர்களுக்கு ஒன்றும் அதிசயமாக இருந்திருக்காது! அந்த முதல் ஆட்டத்தில் பாடிய லில்லி லேமன் என்ற அம்மையார், பெர்லினில் ஓடியன் கம்பெனிக்காக இசைத்தட்டில் பாடியது 1905க்குப் பிறகுதான். அப்போது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. இளமையில் அவர் எப்படிப் பாடினார் என்பதற்குச் சாட்சி தட்டு கிடையாது.

தட்டு நம் நாட்டுக்கு வந்த வழியும் அங்கிருந்துதான். கிராமபோனைக் கண்டுபிடித்த பெர்லினர் ஜெர்மனியின் ஹானோவரில் பிறந்தவர். கெய்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் 1902 ஏப்ரலில் மிலான் நகரில் கரூஸோ என்ற இத்தாலியப் பாடகரின் குரலைப் பதிந்தார். அதே வருஷம் நவம்பரில் கல்கத்தா வந்து கௌஹர் ஜானைப் பதிந்தார். அந்தப் பதிவுகள் கப்பலேறி ஹானோவருக்குப் போய்த் தட்டாகித் திரும்பி வந்தன. 1908ல் கல்கத்தாவில் தொழிற்சாலை அமைந்த பிறகுதான் இந்தச் சுற்று நின்றது.

தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் கூட மட்டுமே இடம். மேடையில் ஆலாபனையும் நிரவலுமாக நீண்ட பாட்டை அதற்குள் அடக்க வேண்டும். கிட்டப்பா அடக்கினார். தேவாம்ருதவர்ஷிணியில் தியாகராஜரின் எவரனி கீர்த்தனையை நாட்டில் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோனது அவருடைய தட்டுத்தான். டிக்கெட் வாங்க வழியில்லாதவனும் ஓட்டல் வாசலில் நின்று காசில்லாமல் கேட்டான்.

1926 வாக்கில் கொழும்பில் கொடுமுடி சுந்தராம்பாளோடு முதன் முதலாக மேடை ஏறினார். நாடகம் வள்ளி திருமணம். சுந்தராம்பாளும் வறுமையில் பிறந்தவர், சிறுமியாக ரயில் பெட்டிகளில் பாடிக் காசு சேர்த்தவர். தென்னிந்திய ரயில்வே அதிகாரியும் நாடக அபிமானியுமான எப்.ஜி.நடேசய்யர் அந்தச் சிறுமியின் குரலை ரயிலில் கேட்டு மேடைக்கு வழி காட்டினார் என்பார்கள். தியாகராஜ பாகவதரைச் சிறுவனாக மேடை ஏற்றியவரும் இதே நடேசய்யர்தான். ரயில்வேக்காரர்கள் தாராளமாகப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். கிட்டப்பாவின் குரலுக்கு எதிரே அந்தப் பெண் தாக்குப்பிடிப்பாளா என்று கொழும்பில் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பாடியதில் சந்தேகம் பறந்தது. மறு வருஷம் மாயவரத்தில் கல்யாணம் நடந்தது.

கிட்டப்பாவுக்கு ஏற்கனவே கிட்டம்மாளோடு விவாகம் ஆகியிருந்தது. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. மேடையில் ஜோடி சேர்ந்த அளவுக்கு வாழ்க்கையில் சேரவில்லை. பிணக்கு வந்தது, பிரிந்து இருந்தார்கள். அந்நாளில் சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்களைப் பின்னாளில் படித்தவர்கள் கண் கலங்கினார்கள். இருவருக்கும் சத்தியமூர்த்தியின் நட்பு இருந்தது. கிட்டப்பா கதர் கட்டினார். இருவர் பாட்டும் காங்கிரசுக்குப் பலமாயிற்று.

ஊர் ஊராக ரயில் பிரயாணம், ராத்திரி முழுதும் உச்ச ஸ்தாயிப் பாட்டு, பகலில் தூக்கம், வேளை தவறிய சாப்பாடு. கூடவே குடிப் பழக்கமும் சேர்ந்தது. வயிற்று நோய் பிடித்துக்கொண்டது. முடியாத உடம்போடும் ஒப்புக்கொண்ட நாடகத்துக்குப் போனார். குடியைக் குற்றம் சொல்பவர்கள் சொல்லட்டும். ஆனால் மூன்றாவது ஒன்ஸ்மோர் கேட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா காலமானார். வயது 27.

சுந்தராம்பாளுக்கு அப்போது 25. வெள்ளைப் புடவை உடுத்தினார், ஆண் நடிகர் எவரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். 1935ல் நந்தனார் படத்தில் லட்ச ரூபாய் சம்பளத்துக்கு நடித்தபோதுகூட நந்தனாராக ஆண் வேஷமே கட்டினார். 1980ல் கண் மூடும் வரை, 47 வருஷம், அந்த வெள்ளைப் புடவை மாறவில்லை.

முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் 1931லேயே வந்துவிட்டது. கிட்டப்பா ஒரு படத்திலும் நடிக்கவில்லை. அவர் போன மறு வருஷம் பவளக்கொடியில் பாகவதர் வந்தார். 1945ல் ஸ்ரீவள்ளியில் டி.ஆர்.மகாலிங்கம் பாடியபோது கிட்டப்பாவைக் கேட்டிருந்த பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மேடையில் கிட்டப்பா நின்ற நிலை, நடை, பார்வை எதுவும் அசையும் படமாக மிஞ்சவில்லை.

மிஞ்சியவை தட்டுகள். லில்லி லேமனின் தட்டில் கேட்பது முதுமைக் குரல் மட்டும், கிட்டப்பாவின் தட்டில் கேட்பது இளமைக் குரல் மட்டும். தட்டிலிருந்து கேசட்டுக்கும் அதிலிருந்து கைப்பேசிக்கும் அந்தக் குரல் வந்துவிட்டது. முள் கீறும் இரைச்சலும் கூடவே வருகிறது. எவரனியை அவர் பாடப் பாட மேலே ஏறிக்கொண்டே போகிறார். மூன்று நிமிஷம் ஆனதும் தட்டு முடிந்து பாட்டு நின்றுவிடுகிறது.